விடுமுறையில் ஊர்க் கிணறும் யாத்திரைத் தண்ணீரும்: குடிக்க முன் கவனிக்க வேண்டியவை

பாடசாலை விடுமுறையும் திருவிழாக்களும் சேர்ந்து வரும் ஆடி, ஆவணி மாதங்களில் வடக்கு, கிழக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தமது வழமையான வீட்டை விட்டு வேறிடத்தில் தங்குகின்றன. சிலர் மடு மாதாவின் திருவிழாவுக்குப் போய் மரநிழலில் கூடாரம் அடிக்கிறார்கள். சிலர் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் புறப்படுகிறார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருபவர்கள், பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த ஊர் வீட்டைத் திறந்து இரண்டு கிழமை தங்குகிறார்கள். மூன்று இடத்திலும் முதல் நாளே எழும் கேள்வி ஒன்றுதான்: குடிக்கத் தண்ணீர் எங்கே?

வன்னியிலும் குடாநாட்டிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி என்று வைத்தியசாலையில் பிள்ளைகள் சேர்க்கப்பட்டால், அந்த வீட்டுக் கிணற்றைப் போய்ப் பார்ப்பது எனது வேலையாக இருந்தது. விடுமுறை முடிகிற கிழமைகளில் அப்படிப் போக வேண்டிய வீடுகள் அதிகம். அந்த அனுபவத்தையும், எவரும் செய்யக்கூடிய வழிமுறைகளையும் ஒரே இடத்தில் தொகுத்துத் தரவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தண்ணீரின் இயல்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீருக்கு மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அந்த நன்னீரைத்தான். சுண்ணாம்புக்கல் முழுவதும் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. மணலில் இறங்கும் நீர் வடிகட்டப்படுவதுபோல் வெடிப்பில் இறங்கும் நீர் வடிகட்டப்படுவதில்லை. பக்கத்து வளவு மலசலகூடக் குழியில் இறங்குவது, அதிக தூரம் போகாமலே உங்கள் கிணற்றுக்கு வந்து சேரலாம். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஆகக்குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்போம். வெடிப்புள்ள நிலத்தில் அந்தத் தூரத்தையும் முழுதாக நம்ப முடியாது.

இதில் பருவத்தின் பங்கும் உண்டு. வெளிநாட்டு உறவுகள் அதிகம் வருவது ஆடி, ஆவணியிலும் மார்கழியிலும். ஆடி, ஆவணியில் நீர்மட்டம் இறங்கி, உப்பும் கரைந்த பொருள்களும் செறிந்திருக்கும். மார்கழியில் கிணறு விளிம்புவரை நிரம்பியிருக்கும். பார்க்க அழகாக இருந்தாலும், குழிநீரும் கிணற்றுநீரும் ஒன்றை ஒன்று தொடும் காலம் அதுதான். வெள்ளம் கிணற்றுக் கட்டுக்கு மேலால் ஏறியிருந்தால், சுத்திகரிக்காமல் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவும் கூடாது.

பூட்டிக் கிடந்த வீட்டுக் கிணறு

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். மயிலிட்டித் துறைமுகத்தை அண்டிய பகுதி விடுவிக்கப்பட்டது 2017 யூலையில். 27 வருடங்கள் வாளி விழாத கிணறுகள் அங்கே இருந்தன. வன்னியிலும் தீவகத்திலும் வேறு கால அளவுகளில் இதே கதைதான். திரும்பிப் போகிறவர்கள் இடிந்த வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததாகப் போவது கிணற்றடிக்கு. கூரையும் கதவும் போயிருந்தாலும் கிணறு இருக்கும். கட்டிலே பேர் பொறித்த திகதிகூட இருக்கும்.

ஒருமுறை, ஜேர்மனியிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்திருந்த ஒரு வீட்டில், அந்த வீட்டு அம்மா என் கண்முன்னே ஒரு செம்பு தண்ணீர் அள்ளினார். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, சோதிச்சுப்போட்டுக் குடிப்பம்" என்றேன். "தம்பி, இது நான் பிறந்த நாளிலையிருந்து குடிச்ச தண்ணி. இது எனக்கு என்ன செய்யப்போகுது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் பிறந்தபோது அந்தக் கிணற்றில் தினமும் இறைத்தார்கள். வருடம் ஒருமுறை சேறெடுத்தார்கள். பக்கத்து வளவில் குழிக் கக்கூஸ் இருக்கவில்லை. கிணறு அதே கிணறுதான், தண்ணீர் மாறிவிட்டது. இப்படிச் சொன்னபோது அவர் செம்பைக் கீழே வைத்தார். மாதிரியைச் சோதித்ததில் மலக்கிருமி இருந்தது. கிணற்றைத் துப்புரவாக்கிக் குளோரின் இட்டு, மறுமுறை சோதித்து, பிள்ளைகள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் எல்லோரும் அதில் குடித்தார்கள். ஆகவே கிணற்றைக் கைவிடச் சொல்லவில்லை. சில நாள் பொறுக்கச் சொல்கிறேன்.

கிணற்றைத் திறக்கும்போது உயிர் காக்கும் மூன்று விதிகள்

முதலாவது, வெடிபொருள். போர் நடந்த பகுதிகளில் கைவிடப்பட்ட கிணறுகளுக்குள் வெடிக்காத குண்டுகளும் தோட்டாக்களும் போடப்பட்டிருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நீர் குறையக் குறைய அடியில் துருப்பிடித்த உலோகம், பெட்டி, குழாய் வடிவில் ஏதேனும் தெரிந்தால் இறைப்பதை உடனே நிறுத்துங்கள். தடியால் கிளறாதீர்கள். வாளியில் தூக்காதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிஸாருக்கோ (119) அறிவியுங்கள். கிணற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை பற்றைக்குள் மறைந்திருந்தால், கண்ணிவெடி அகற்றப்பட்ட காணிதானா என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

இரண்டாவது, காற்று. நெடுநாள் மூடிக் கிடந்த ஆழ்கிணற்றின் அடியில் ஒட்சிசன் குறைந்து கெட்ட வாயு தங்கியிருக்கலாம். இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவதுதான் கிணற்று மரணங்களில் வழமையாக நடப்பது. விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது என்பது உறுதி. ஆனால் அணையாமல் எரிந்தால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில நச்சு வாயுக்கள் விளக்கை அணைப்பதில்லை. சேறெடுக்கும் வேலையைப் பழக்கமுள்ளவர்களிடம் கொடுங்கள். இறங்குபவரின் உடலில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க வேண்டும்.

மூன்றாவது, இயந்திரம். நீர் ஆழத்தில் இருக்கிறது என்று மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குபவர்கள் உண்டு. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். இயந்திரம் எப்போதும் மேலே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும்.

துப்புரவாக்கிக் குளோரின் இடும் முறை

முதலில் மிதக்கும் குப்பை, இலை, செத்த பிராணி ஆகியவற்றை மேலிருந்தபடியே அகற்றுங்கள். பிறகு மெதுவாக இறையுங்கள். குடாநாட்டிலும் கரையோரங்களிலும் ஒரே மூச்சில் அடிவரை இறைக்கக்கூடாது. மேலிருக்கும் நன்னீர் போனால் கீழிருக்கும் உப்புநீர் மேலெழும். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில், கிணறுகளைச் சுத்தமாக்குவதற்காகத் திரும்பத் திரும்ப இறைத்ததே சில இடங்களில் உவர்ப்பை நீடிக்க வைத்தது. பாதி இறைத்து, ஊற விட்டு, மறுபடி பாதி இறைப்பது நல்லது.

அடுத்தது அளவு. கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அடியில் அளவெடுங்கள். விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 22 என்று பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை லீற்றர் தண்ணீர் என்று வரும். உதாரணமாக விட்டம் 10 அடி, நீர் 6 அடி என்றால் 10 × 10 × 6 × 22 = 13,200 லீற்றர்.

கிணற்றைத் தொற்று நீக்க, ஒவ்வொரு 1,000 லீற்றருக்கும், 65 முதல் 70 வீதம் குளோரின் உள்ள தூள் என்றால் ஏறக்குறைய 33 கிராம் தேவை. 30 வீதத் தூள் என்றால் ஏறக்குறைய 70 கிராம். மேலே சொன்ன கிணற்றுக்கு முதல் வகையில் 435 கிராம், இரண்டாம் வகையில் 925 கிராம் வரும். எத்தனை வீதம் என்பது பொதியில் எழுதப்பட்டிருக்கும். பழைய தூள் வீரியம் இழந்திருக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் பரிசோதகர் அளவைச் சொல்வார். அவர் நேரில் வந்து குளோரின் இட்டுத் தரவும் கேட்கலாம்.

தூளை உலோக வாளியில் கரைக்க வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீரை விட்டு, அதற்குள் தூளைப் போட்டுத் தடியால் கலக்குங்கள். வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்துடன் இது கலந்தால் நச்சு வாயு எழும். ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். கட்டி அடியில் தங்க விட்டு, மேல்நீரைக் கிணற்றுச் சுவர் நனையச் சுற்றி ஊற்றுங்கள். வாளியைப் பலமுறை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். நீர்த்தாங்கியும் குழாயும் இருந்தால், ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்துவிட்டுப் பின் மூடுங்கள். ஆகக்குறைந்தது அரை மணித்தியாலம் கிணறு அப்படியே நிற்க வேண்டும். ஓர் இரவு முழுவதும் விட்டால் மிக நல்லது. அந்த நேரம் எவரும் அள்ளாதபடி கட்டில் அடையாளம் போடுங்கள். மறுநாள் மணம் மெல்லிதாகும்வரை இறைத்து ஊற்றுங்கள். மீன் வளர்க்கும் தொட்டியிலோ குளத்திலோ அதை விட வேண்டாம்.

குளோரின் முழுவதும் நீங்கி ஒரு கிழமையளவில் நீரைச் சோதித்தால்தான் உண்மை நிலை தெரியும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் தொற்று நீக்கிய போத்தலிலேயே மாதிரி எடுக்க வேண்டும். சோடாப் போத்தலில் கொண்டுபோனால் பயனில்லை. எடுத்த மாதிரியைக் குளிரில் வைத்து அன்றே ஒப்படையுங்கள். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய அலுவலகத்திலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சோதனைக்கான வழியை விசாரிக்கலாம். பயணத்துக்கு முன்னரே ஊரிலுள்ள உறவினர் ஒருவரைக் கொண்டு துப்புரவையும் சோதனையையும் செய்வித்தால், வந்திறங்கும் நாளிலேயே கிணற்றைப் பாவிக்கலாம்.

கொதிக்க வைத்தால் போவதும் போகாததும்

கொதிக்க வைப்பதே கிருமிகளுக்கு எதிரான மிக நம்பகமான வழி. தண்ணீர் புரண்டு கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 1 நிமிடம் போதும். பக்டீரியா, வைரஸ், வயிற்றுளைவு தரும் ஒட்டுண்ணிகள் எல்லாம் இறந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல், உதாரணமாக ஹோட்டன் சமவெளியில் கூடாரம் அடித்தால், 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதுதான் காரணம். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். ஆற்றுவதற்காகப் பச்சைத் தண்ணீரைக் கலப்பவர்களை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அத்துடன் கொதிக்க வைத்த பயன் போய்விடுகிறது.

ஆனால் கொதித்தல் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. நைதரேற்று, உப்பு, புளோரைட்டு, பூச்சிமருந்து எதுவும் கொதித்தால் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு கூடவும் செய்யும். தோட்டங்களுக்கு இடும் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் குடாநாட்டின் பல கிணறுகளில் நைதரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. குடிநீரில் இதன் உச்ச எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எல்லை தாண்டினால் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலை இல்லை. பால்மா கரைக்க வேண்டியிருந்தால், சோதிக்காத கிணற்றுநீரைக் கொதிக்க வைத்தும் பாவிக்க வேண்டாம். பதிவுள்ள போத்தல் நீரோ குழாய் நீரோ எடுத்து, அதைக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள்.

கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது சுண்ணாம்பு. வன்கடின நீரின் அடையாளம். விடுமுறைக்கு வந்து இரண்டு கிழமை குடிப்பவருக்கு அதனால் தீங்கில்லை. வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் காணப்படுவதால், அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் கிணற்றுநீரை விட்டு, சுத்திகரித்த நீரையோ மழைநீரையோ பாவிப்பது நல்லது.

எண்ணெய் மணம் வீசும், அல்லது மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கும் தண்ணீரை எந்த முறையாலும் வீட்டில் சுத்தமாக்க முடியாது. சுன்னாகம் மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை போனதை வாசகர்கள் அறிவார்கள். அப்படி மணத்தால் கிணற்றை மூடிவிட்டுப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

குளோரின் மணமும் முகாம் நினைவும்

குளோரினைப் பற்றிப் பேசும்போது எம்மவர்களிடம் ஒரு தயக்கத்தைக் காண்கிறேன். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அடைக்கப்பட்டிருந்தபோது, அருவியாற்று நீருக்குக் குளோரின் இட்டுத் தாங்கிகளில் கொடுத்தார்கள். வரிசையில் நின்று, சண்டை பிடித்து, வாளியில் ஏந்திய தண்ணீர் அது. "அந்த மணம் வந்தாலே முகாம் ஞாபகம் வருது ஐயா, போடாதேங்கோ" என்று என்னிடம் சொன்ன தாய்மார் பலர். அந்த மனதுடன் வாதாட முடியாது. ஆனால் அந்த நெரிசலிலும் செங்கமாரியும் வயிற்றோட்டமும் பரவின என்பதையும், குளோரின் இல்லாதிருந்தால் இன்னும் அதிகமானோரை இழந்திருப்போம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மணத்தைக் குறைக்க வழி உண்டு. குளோரின் இட்டு அரை மணித்தியாலம் கழிந்த பின், சுத்தமான துணியால் வாயை மூடி ஒரு சில மணித்தியாலம் வைத்தால் மணம் பறந்துவிடும். குடிக்கும் குவளையில் சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டாலும் போகும். அரை மணித்தியாலம் முடிய முன் தேசிக்காய் விட்டால், குளோரின் தன் வேலையைச் செய்ய முன்னரே செயலிழந்துவிடும்.

பயணத்துக்குக் குளோரின் வில்லைகள் மிக வசதியானவை. ஒரு வில்லை எத்தனை லீற்றருக்கு என்பது உறைக்கு உறை மாறும். 20 லீற்றருக்கான வில்லையை ஒரு போத்தலில் போட்டுவிடக்கூடாது. வில்லை கிடைக்காதபோது, வாசனையும் வேறு கலவையும் இல்லாத, 5 முதல் 6 வீதம் குளோரின் உள்ள திரவத்தில் லீற்றருக்கு 2 துளி விட்டு 30 நிமிடம் வையுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் 4 துளி.

கூடாரத்திலும் யாத்திரையிலும்

மடுத் திருவிழாக்கள் யூலை 2ஆம் திகதியிலும் ஓகஸ்ட் 15ஆம் திகதியிலும் வருகின்றன. இரண்டும் வரண்ட காலம். சில நாட்களுக்கு ஒரு நகரமே காட்டுக்குள் வந்து தங்குகிறது. இங்கே ஆபத்து பெரும்பாலும் தண்ணீர் வந்து சேர்ந்த பின்னர்தான் தொடங்குகிறது. பவுசரில் வந்த நல்ல தண்ணீரை அகன்ற வாயுள்ள பரலில் நிரப்பி, ஆளாளுக்குக் கையை விட்டுச் செம்பால் அள்ளினால் மாலைக்குள் அது கெட்டுவிடும். ஒடுங்கிய வாயும் மூடியும் உள்ள கலனைக் கொண்டுபோங்கள். குழாய் பொருத்திய கலன் என்றால் இன்னும் நல்லது. குடிநீருக்கு ஒரு கலன், கழுவுவதற்கு வேறு கலன் என்று நிறத்தால் பிரித்து வையுங்கள். பூச்சிமருந்து, எண்ணெய், மசகு வந்த கலன்களை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்குப் பாவிக்கக்கூடாது.

கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தைக்குப் பிறகு குமுக்கன் ஆற்றைக் கடந்து குமண, யால காட்டினூடாகப் பல நாள் நடக்க வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களம் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டுமே இந்தப் பாதையைத் திறக்கிறது. இடையில் பவுசர் நீர் தரப்படும் இடங்கள் உண்டு. அடுத்த இடம்வரை போதுமான நீரைச் சுமந்தே நடக்க வேண்டும். வெயிலில் நடப்பவருக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றருக்குக் குறையாமல் தேவை. ஆற்றுநீரும் மடுநீரும் யானை, எருமை, மான் எல்லாம் இறங்கிக் குடிக்கிற நீர். அதிலுள்ள சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு இறப்பதில்லை. அந்த நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கேத்தலும் சிறு அடுப்பும் கொண்டுபோனால், இரவு தங்கலில் அடுத்த நாளுக்கான நீரைக் கொதிக்க வைத்து ஆறவிடலாம்.

கலங்கல் நீரென்றால் முதலில் தெளிய வையுங்கள். மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீர் விடுவதும், முருங்கை விதையை இடித்துக் கலக்குவதும் எங்கள் முன்னோர் கைக்கொண்ட நல்ல வழிகள். சேறு அடியில் படியும். ஆனால் தெளிந்த நீர் கிருமியற்ற நீர் அல்ல. தெளிய வைத்து, நாலாக மடித்த பருத்தித் துணியால் வடித்து, அதன் பின் கொதிக்க வைக்க வேண்டும்.

விறகும் வில்லையும் இல்லாத இடத்தில் வெயில் உதவும். நிறமற்ற, கீறல் விழாத, 2 லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த நீரை நிரப்பி, தகரத்தின் மேல் படுக்கவைத்து நல்ல வெயிலில் 6 மணித்தியாலம் விடுங்கள். முகில் மூடிய நாளென்றால் 2 நாட்கள் விட வேண்டும். சூரியனின் புறஊதாக் கதிர் கிருமிகளை அழிக்கும். மழை நாளில் இது சரிவராது.

தண்ணீர்ப்பந்தலும் கடைத் தண்ணீரும்

மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்கும் தண்ணீர்ப்பந்தல் எங்கள் திருவிழாக்களின் அழகு. ஆனால் ஒரு பரல் கெட்டால் நோய் நூறு வீடுகளுக்குப் போகும். பந்தல் நடத்துபவர்கள் குளோரின் இட்ட நீரையே பாவித்து, நீண்ட கைபிடி அகப்பையால் ஊற்றிக் கொடுத்து, குவளைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ ஒரு தனி ஆளை நிறுத்த வேண்டும். ஐஸ் கட்டி எந்த நீரில் செய்யப்பட்டது என்று தெரியாவிட்டால் அதைப் போட வேண்டாம். உறைய வைப்பதால் கிருமி சாவதில்லை.

போத்தல் நீர் வாங்கும்போது மூடியின் முத்திரை உடையாமலிருக்கிறதா, எஸ்.எல்.எஸ். சின்னமும் சுகாதார அமைச்சின் பதிவு இலக்கமும் காலாவதித் திகதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெயிலில் அடுக்கியிருக்கும் போத்தல்களைத் தவிருங்கள். ஊர்களில் விற்கப்படும் ஆர்.ஓ. நீர் உப்பையும் நைதரேற்றையும் பெருமளவு குறைக்கும். ஆனால் அழுக்கான கலனில் பிடித்தால் அதுவும் அழுக்கு நீர்தான்.

நோய் வந்துவிட்டால்

வயிற்றோட்டம் தொடங்கினால் முதல் மருந்து தண்ணீர்தான். ஒரு பக்கெற் ஜீவனியை 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். ஜீவனி இல்லையென்றால் 1 லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கவனமாக அளவுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வராமை, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, சோர்ந்து எழும்பாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

மழைக்காலத்தில் வெள்ளநீரில் நடந்தோ வயலில் இறங்கியோ இரண்டு கிழமைக்குள் கடும் காய்ச்சலும் உடல்நோவும் கண்சிவப்பும் வந்தால், அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. நேரத்துக்கு மருந்து கொடுத்தால் குணமாகும் நோய் அது. ஊருக்கு வந்து திரும்பிய பின் வெளிநாட்டில் காய்ச்சலோ செங்கமாரியோ வந்தாலும், எந்த ஊரில் என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்பதை அங்குள்ள வைத்தியரிடம் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் ஏ நோய் வெளித்தெரியச் சில கிழமைகள் எடுக்கும்.

பெட்டிக்குள் வைக்க வேண்டியவை

குளோரின் வில்லைகள், பத்து ஜீவனிப் பக்கெற்றுகள், ஒடுங்கிய வாயுள்ள ஒரு கலன், ஒரு கேத்தல், வடிக்க ஒரு வெள்ளைத் துணி, ஒரு கட்டி சவர்க்காரம். இவை ஒரு சிறு பைக்குள் அடங்கும். வீட்டைப் பூட்டித் திரும்பும்போது கிணற்றுக்கு வலையோ தகரமோ போட்டு மூடி, கயிற்றையும் வாளியையும் உள்ளே வைத்துவிட்டு, மாதம் ஒருமுறையாவது இறைக்கும்படி பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அள்ள அள்ளத்தான் கிணறு நன்றாக இருக்கும். அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.